தரங்கம்பாடியில் போட்ட அஸ்திபாரம்



ஃபர்வானியாவில் வெள்ளிக்கிழமை வந்தால் எந்த ஆராதனைக்குப் போவது என்பதே நம் பிள்ளைகளுக்குக் குழப்பம். ஒரு ஜெபக்குழுவில் சொல்வதை அடுத்த தெருவில் மறுக்கிறார்கள். அடிப்படைக்குத் திரும்ப வேண்டும், விசுவாசம் எளிமையாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதில் சம்மதம்தான். ஆனால் எது எளிமை? இந்தக் கேள்வி 300 வருடங்களுக்கு முன் தரங்கம்பாடியில் ஒரு பெரிய மனஸ்தாபமாகவே வெடித்தது.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது 23. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஆரம்பத்திலேயே அவர் தமிழாக்கியவற்றில் ஒன்று லூத்தரின் சிறிய ஞானோபதேசம். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து. இவ்வளவுதான் சாரம். எழுத்தறியாதவரும் மனப்பாடம் செய்துவிடலாம். முதல் ஞானஸ்நானம் 1707 மே மாதம் ஐந்து பேருக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களிடம் பெரிய வேதசாஸ்திரம் பேசி என்ன பிரயோஜனம்?

ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. அதே 1707-ல் கோயில் கட்டினார், பள்ளிகள் நடத்தினார், பெண்பிள்ளைகளையும் சேர்த்தார். கோட்டைத் தளபதியோடு மோதி, 1708-ல் நான்கு மாதம் போல சிறையிலும் இருந்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. வந்த எழுத்துக்கள் பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் தின்றது. இங்கேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். 1714-ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகின.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே! கோபன்ஹேகனில் 1714-ல் ஏற்பட்ட மிஷன் சங்கத்தின் செயலாளர் கிறிஸ்தியான் வென்ட் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அப்போஸ்தலர்கள் கோயிலும் பள்ளியும் கட்டினார்களா? கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தால் போதாதா? இதுதான் அவருடைய வாதம். கேட்பதற்கு வேதாகமத்தின்படி எளிமையாகவே இருக்கிறது.

தொழிலால் கணக்கன் நான். செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால் எந்தப் பேரேடும் எளிமையாகத்தான் தெரியும். பஞ்சத்தில் கஞ்சி கேட்டு வருகிறவனுக்கும், படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே யார் பதில் சொல்வது? ஆத்துமாவுக்குச் செய்யும் ஊழியமும் சரீரத்துக்குச் செய்யும் ஊழியமும் பிரிக்க முடியாதபடி பிணைந்தவை என்பது சீகன்பால்கின் பதில். அந்த மனிதர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. உபதேசத்தைச் சுருக்கினார் அவர், ஊழியத்தை அல்ல. வென்ட் செய்யச் சொன்னது இதற்கு நேர் எதிர். வென்டின் நோக்கமும் கெட்டதல்ல என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபன்ஹேகனில் உட்கார்ந்து பார்த்தால் தரங்கம்பாடி வெயில் தெரியாது.

1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. ஐரோப்பாவிலிருந்து வந்த கண்டனங்கள் சீகன்பால்கின் மனதை நொறுக்கின, உடலும் தளர்ந்திருந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36-ம் வயதில் காலமானார். அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். கூட ஊழியம் செய்த குருண்ட்லரும் மறு வருடமே போய்விட்டார்.

வேலை நின்றுவிடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத் தொடர்பால் விசுவாசத்துக்கு வந்த கடலூர்க்காரர் ஆரோன், முதலில் உபதேசியாராக இருந்தார். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைப் போதகரானார். கிராமம் கிராமமாகப் போய் அவர் கற்பித்தது அந்தச் சிறிய ஞானோபதேசத்தைத்தான்.