தோள்வலி மருத்துவம் வளர்ந்த கதை



தலைவாரக் கை எழவில்லை. கையை முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போகும் வலி. நாற்பது வயதைக் கடந்தவர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீட்டில் உடனே இரண்டு யோசனைகள் வரும். ஒருவர், "கையை அசைக்காமல் வைத்துக்கொள்" என்பார். மற்றொருவர் தைலத்தை எடுத்துக்கொண்டு, "ஒரே இழுப்பு இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பார். இவற்றில் எது சரி? மருத்துவ உலகமும் நூற்றைம்பது ஆண்டுகளாக இதே கேள்வியோடு போராடி வந்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

தோள்மூட்டு, ஓர் ஆழமில்லாத கிண்ணத்தில் பந்து உருள்வதைப் போன்றது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. சட்டையில் அக்குள் பக்கம் துணி தளர்வாக இருந்தால்தான் கையைத் தூக்க முடியும் அல்லவா? அதுபோலவே இந்த உறையும் அடிப்பக்கம் தளர்ந்திருக்க வேண்டும்.

1872-ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறுவை மருத்துவர் சீமோன் டியூப்ளே இந்த நோயை விரிவாக எழுதினார். வலி மூட்டுக்குள் பிறப்பதில்லை, சுற்றியுள்ள திசுக்கள் ஒட்டிக்கொள்வதால் பிறக்கிறது என்பது அவர் கருத்து. ஆகவே நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, கையைப் பலமாக அசைத்து, அந்த ஒட்டுகளை விடுவிக்கும் முறையைக் கையாண்டார்.

இதற்கு முன்பே சுவீடன் நாட்டில் வேறொரு வழி திறந்திருந்தது. வாட்போர் ஆசிரியரான பேர் ஹென்ரிக் லிங் என்பவர், 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஓர் உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவினார். முறைப்படி அமைந்த அசைவே நோய்க்கு மருந்தாகும் என்பது அங்கே கற்பிக்கப்பட்டது. 1894-இல் லண்டனில் நான்கு தாதியர் சேர்ந்து, நீவுதல் சிகிச்சைக்கு ஒரு சங்கம் கண்டனர். அக்காலத்தில் நீவுதல் என்ற பெயரில் தகாத தொழில்கள் நடந்தமையால், தங்கள் பணியின் நற்பெயரைக் காக்கப் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நின்றார்கள். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. கை கால் முடங்கிய போர்வீரர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தபோது, இத்தகைய பெண்களின் பணி எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாடே உணர்ந்தது. 1920-இல் அச்சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1944-இல் அது பிசியோதெரபி என்ற சொல்லைத் தன் பெயரில் ஏற்றது.

தோள் நோய்க்கு அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. போஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 1934-இல் தோளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 'உறைந்த தோள்' என்ற பெயரை இந்நோய்க்கு இட்டவர் அவரே. நீண்ட நாள் வருத்தினாலும் பெரும்பாலும் இது குணமாகிவிடும் என்பதையும் அவர் கண்டார். முன்பக்கம் குனிந்து, நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் கையைக் கடிகார ஊசல் போலத் தளர்வாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1945-இல் மற்றோர் அமெரிக்கர், ஜூலியஸ் நெவியாசர், மூட்டுறையே தடித்துச் சுருங்கிவிடுகிறது என்று விளக்கினார். சட்டையின் அக்குள் துணி சுருங்கிய கதைதான்.

அப்படியானால் சுருங்கியதைப் பலமாக இழுப்பதா, மெல்லத் தளர்த்துவதா? 2004-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 77 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு வலியை மீறிய கடும் பயிற்சி தரப்பட்டது. மறு சாரார் வலி பொறுக்கும் எல்லைக்குள் மட்டும் கையை அசைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இதமாக அசைத்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் ஏறக்குறைய முழுக் குணம் அடைந்திருந்தார்கள். கடும் பயிற்சி பெற்றவர்களில் 63 பேர்தான். இது சிறிய ஆய்வுதான். ஆயினும் நமக்கு நல்ல பாடம்.

2020-இல் பிரிட்டனில் 503 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மயக்க நிலையில் கையை அசைத்தல், சிறு துளை வழி அறுவை, ஊசி மருந்தோடு கூடிய பிசியோதெரபி ஆகிய மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டு நிற்கவில்லை. ஆகவே அறுவைக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டியதில்லை. மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்வது வேறு, விழித்திருப்பவரின் கையை வீட்டில் முறுக்குவது வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

நேயர்களே, தோள்வலி எல்லாமே உறைந்த தோள் அல்ல. விழுந்து அடிபட்டாலோ, தசைநார் கிழிந்தாலோ வலிக்கும். இடது தோளோடு நெஞ்சும் வலித்து வியர்த்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு உறைந்த தோள் அதிகம் வருகிறது. தோள் இறுகினால் இரத்தத்தில் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது நலம்.

கையை மாதக்கணக்கில் கட்டிப்போடுவதும் தவறு. வலிக்க வலிக்க இழுப்பதும் தவறு. மருத்துவரிடம் காட்டி, பயிற்சியைக் கற்று, நாள்தோறும் வலி பொறுக்கும் அளவுக்குக் கையை அசைத்து வாருங்கள். குணமாக ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம். அதுவரை அந்த வீட்டில் தண்ணீர் தூக்கவும் துணி காயப்போடவும் மற்றவர்கள் கை கொடுத்தால், அதுவும் மருத்துவமே ஆகும்.