நாய் வளர்ப்புச் சட்டங்கள் (இந்தியா)

இந்தியாவில் நாய் வாங்கவும் வளர்க்கவும் தனிச் சட்டம் என்று ஒன்று இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அதன்கீழ் பிறந்த விதிகள், குற்றவியல் சட்டத்தின் சில பிரிவுகள், உள்ளாட்சிகளின் உரிம நடைமுறை ஆகியவை சேர்ந்தே வளர்ப்பவரின் கடமைகளை வரையறுக்கின்றன. மூலச் சட்டத்துக்கு வித்திட்டது, மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இருந்தது.

குட்டி விற்பனையை முறைப்படுத்துவது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். குட்டி போடவைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் போட்டிருக்க வேண்டும். தீனி, குடற்புழு நீக்கம், தடுப்பூசித் தேதிகள் பற்றிய விவரங்களை எழுத்தில் தர வேண்டும். பொது இடத்தில் வைத்து விற்பதற்கும் தடை உண்டு. பெட்டை நாயை 18 மாதத்துக்கு முன் இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்து, எட்டு வயதுக்குப் பின் ஓய்வு. விற்ற குட்டியின் நலனை ஆண்டுக்கு ஒருமுறையாவது விசாரிக்கவும் விதி சொல்கிறது. வாங்குபவர் செய்ய வேண்டியது, பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது. கேட்பவர் குறைவு என்பதால்தான் பதிவில்லாத விற்பனை தழைக்கிறது. செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018ஆம் ஆண்டின் விதிகள் தனியே உள்ளன.

வீட்டுக்கு வந்தபின் பொறுப்பு, மூலச் சட்டத்தின் 11ஆம் பிரிவுக்கு மாறுகிறது. சோறு, தண்ணீர், தங்குமிடம் தராதிருத்தல், காரணமின்றிக் கைவிடுதல், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுதல் ஆகியவை குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடமாட விடாதிருப்பதும் குற்றமே. அந்த உட்பிரிவு நாயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. காவலுக்கென்று கூண்டில் அடைத்து, இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் வீடுகள் பல இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தாலும் பயம் எழாது: முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் வகுத்த தொகைகள் இவை. இன்று ஒரு மூட்டை நாய்த் தீனி வாங்கவும் போதாது.

நாய் பிறரைக் கடித்தால் கணக்கு வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். நாயைக் கொல்பவருக்கும் ஊனப்படுத்துபவருக்கும் 325ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆக, அடித்துக் கொல்வது பெருங்குற்றம். பட்டினி போடுவது ஐம்பது ரூபாய்க் குற்றம்.

தடுப்பூசி, கருத்தடை, உரிமம் மூன்றும் வளர்ப்பவரின் பொறுப்பு என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள். உரிமம் தருவது உள்ளாட்சி. சென்னை மாநகராட்சி வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைப் பார்த்தே உரிமம் வழங்குகிறது; 2025இல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமமின்றி வளர்ப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. அடுக்குமாடிச் சங்கங்கள் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது என்பது விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

எந்த இனத்தை வளர்க்கலாம் என்பதில் மட்டும் சட்டம் இன்னும் நிலைகொள்ளவில்லை. பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்கச் சொல்லி ஒன்றிய அரசு 2024 மார்ச் 12 அன்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கூறி, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.