பெயர் கேட்கப்படாத தாய்

1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோரின் வேலையைப் பறித்தது. அடுத்த ஆண்டுகளில் வறட்சியும் புழுதிப் புயலும் நிலங்களைப் பாழாக்கவே, உழவர் குடும்பங்கள் பல பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்குச் சென்றன. அவர்களின் துயரை நாட்டிற்கு எடுத்துக்காட்ட மத்திய அரசு புகைப்படக் கலைஞர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவர் டொரத்தியா லாங்கே.

1965இல் லாங்கே மறைந்தபின், அவருடைய சேகரிப்பைக் கணவர் பால் டெய்லர் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். 25,000க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு, பயணங்களில் அவர் எழுதிய குறிப்புகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. படம் எடுத்ததோடு நில்லாமல், அவ்வேழைகள் சொன்ன சொற்களையும் எழுதி வைத்தவர் அவர். வறியோரைக் காட்சிப் பொருளாக்காமல் அவர்களுக்குச் செவிமடுத்ததே அத்தொகுப்பின் சிறப்பு என்போம்.

ஆயினும், அவருக்குப் பெரும்புகழ் தந்த படம் அவ்வாறு உருவானதன்று. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில் பட்டாணிப் பயிர் கடுங்குளிரில் அழிந்தது. அறுவடைக்கு வந்திருந்த கூலித் தொழிலாளர்கள் முகாமில் பசியால் வாடினர். பிள்ளைகள் இருவர் தோளில் முகம் புதைத்திருக்க, கைக்குழந்தையை மடியில் ஏந்தித் தொலைவை நோக்கியிருந்த ஒரு தாயை லாங்கே படம் பிடித்தார். வயது 32 எனத் தெரிந்துகொண்டார், பெயரைக் கேட்கவில்லை. பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். படங்கள் நாளிதழில் வெளிவந்ததும் அரசு 20,000 பவுண்டு உணவை அம்முகாமுக்கு அனுப்பியது. அதற்குள் அத்தாயின் குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது!

அப்படத்தின் நெகட்டிவ் அரசுக்குரியதாகையால், வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்த அவர், செரோக்கி இனத்தவரான புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு எதுவும் கிடைக்கவில்லை என அவர் மனம் வருந்தினார். 1983இல் அவர் நோயுற்றபோது, பிள்ளைகளின் வேண்டுகோளைக் கேட்ட மக்கள் 30,000 டாலருக்கும் மேல் அனுப்பினர். அவ்வாண்டிலேயே அவர் இறந்தார்.

லாங்கேயைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் அங்கே நின்றதனாலன்றோ பசித்தோருக்கு உணவு வந்தது? ஆயினும், லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய உவமை நம் நினைவுக்கு வருகிறது. அதில் செல்வனுக்குப் பெயர் இல்லை. அவனுடைய வாயிலில் கிடந்த ஏழைக்கோ இலாசர் என்னும் பெயர் உண்டு. உதவி பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நாம், அவர்களுள் எத்தனை பேரின் பெயரை அறிந்திருக்கிறோம்?