பழம்பெயரிற் புத்திசை

வியன்னாவிற் பிறந்த வயலின் மேதை பிரிட்ஸ் கிரைஸ்லர், தாமே இயற்றிய உருப்படிகள் சிலவற்றைப் புக்னானி, விவால்டி முதலிய முன்னோர் பெயரால் அச்சேற்றினார். கச்சேரி நிரலில் தம் பெயரே திரும்பத் திரும்ப வருதல் அழகன்று என்பது அவர் கருத்து. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உலகம் நம்பியது.

1935ஆம் ஆண்டு நியூயோர்க் விமர்சகர் ஒலின் டவுன்ஸ் வினவியதும் உண்மையை ஒளியாது ஒப்புக்கொண்டார். இலண்டன் விமர்சகர் ஏர்ணஸ்ற் நியூமனோ, இது நேர்மையன்றென்று வெகுண்டெழுதினார். கிரைஸ்லர் வாளாவிருந்தாரல்லர், பெயர் மாறினும் இசையின் தரம் மாறாதென்று பத்திரிகை வாயிலாகவே மறுமொழி விடுத்தார்.

தரத்தைப்பற்றி அவர் கூறியது சரியே. ஆயினும் நியூமன் கேட்டது தரத்தைப்பற்றியன்று, வாங்கியோர் ஏமாற்றப்பட்டதைப்பற்றி. அதற்கு அம்மறுமொழி விடையாகாது. பிற்காலப் பதிப்புகளே அதற்கு விடை தந்தன: அவற்றில் ‘புக்னானியின் பாணியில்’ என்ற குறிப்புடன் கிரைஸ்லரின் பெயரே இடம்பெற்றது.