காட்டை வெட்டிய கை

நியூஜெர்சியில் இப்போது காலை பத்து மணி. கலிபோர்னியா நண்பர்களுக்கு ஏழு. பலர் கையில் தேநீர் இருக்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டாக்டர் பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை, இரா. முருகவேளின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’ வழியாக வாசித்திருப்பீர்கள். தோட்டத் தொழிலாளரின் துயரக் கதையாகத்தான் நாம் அதைப் படித்தோம். அந்தத் தேயிலைக்கு முன் அங்கே மழைக்காடு இருந்தது. அதை வெட்டிய கை நம்முடையது. வெட்டச் சொன்ன வாய் வேறு.

மாஞ்சோலையைப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,300 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அந்த நிறுவனம் 1863இல் தொடங்கி, பர்மாவின் தேக்கை வெட்டி வளர்ந்தது. 1885இல் பர்மிய அரசு அதற்கு விதித்த அபராதத்தையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் போர் தொடுத்து, மிச்சமிருந்த பர்மாவையும் பிடித்தார்கள். ஒரு காட்டில் சேர்ந்த முதல் அடுத்த காட்டுக்குப் போகிறது. இன்று அமேசானில் மாட்டுப் பண்ணையும், போர்னியோவில் செம்பனையும் நகர்வது இதே கணக்கில்தான்.

காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை பரவியது. தமிழகத்தில் அதிக மழை பெறும் இடங்கள் இவை. தாமிரபரணிக்கு நீர் தரும் மலை. அட்டைக்கடியிலும் குளிரிலும் தலைமுறைகள் அங்கே உழைத்தன. 1999 ஜூலை 23 அன்று, அந்தத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. 17 உயிர்கள் போயின.

குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்து விலகத் தொடங்கியது. தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலம் மீண்டும் காடாக வேண்டும் என்பது முடிவு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் நடுவில் இருக்கும் நிலம் அது. காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் கேள்வி வேறு. லாபம் எடுத்தவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட அங்கே இல்லை. காட்டை மீட்பதற்கான விலையை அவர்கள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

வால்பாறையில் இன்னொரு வழி தெரிகிறது. தேயிலைக்கு நடுவே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணின் மரங்களை நட்டு வருகிறது. நாற்றங்கால் வளர்ப்பது, களை எடுப்பது, கன்றைக் காப்பது எல்லாம் கைவேலை. அந்த மலையையும் மழையையும் அறிந்த கைகள் மாஞ்சோலையில் இருக்கின்றன. வெட்டிய கைக்கே நடும் வேலையையும், அதற்கான கூலியையும், ஒரு வீட்டையும் கொடுத்தால் என்ன?

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். அவர்களும் அப்படித்தான் மலையேறினார்கள்.