கரிசக்காட்டு ரோட்டில் ஒரு நாள் வரலாறு

படிப்பு முடிந்து சென்னை, பெங்களூர், வளைகுடா, அமெரிக்கா என்று போய்விட்ட நம்மில் யாரிடமாவது "உங்க ஊர்ப் பக்கம் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால், பதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். "என்னங்க இருக்கு? வெறும் கரிசக்காடு. மழை பேஞ்சா சகதி, வெயிலடிச்சா வெடிப்பு" என்று சொல்லிவிட்டு, குற்றாலத்தையும் கன்னியாகுமரியையும் காட்டி அனுப்பி வைப்போம். இப்போது நாலு வழிச் சாலைகள் வந்துவிட்டதால், ஊருக்கு வரும் நம் பிள்ளைகளுக்குக் கரிசல் பூமி என்பது கார் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற அரை மணி நேரத்துப் பொட்டல் என்று ஆகிவிட்டது.

அந்தப் பொட்டலுக்குள் ஒரு நாள் சுற்றி வந்தால் கிடைக்கும் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கோவில்பட்டியில் புறப்பட்டு எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, மணியாச்சி, கயத்தாறு, இடைசெவல் வழியாகத் திரும்பி வரும் சுற்று இது. எல்லாமே சின்ன ஊர்கள்.

முதலில் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கரிசல், ஈரத்தை வாங்கினால் உப்பும்; காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பெய்த மழையை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. அதனால்தான் ஆறும் வாய்க்காலும் இல்லாத இந்தக் காட்டில், புரட்டாசியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் மல்லியும் மிளகாயும் எடுக்க முடிகிறது. மழை தப்பினால் ஒன்றும் இல்லை. வானம் பார்த்த பூமி என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம். இன்று கோவில்பட்டி பெரிய ஊர், எட்டயபுரம் சிறிய ஊர். ஆனால் 200 வருஷத்துக்கு முன்னால் இங்கே அரண்மனையும் அவைப்புலவர்களும் இருந்த ஊர் எட்டயபுரம்தான். இதை மாற்றியது பருத்தியும் ரயிலும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு போவது தடைப்பட்டது. இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. நம் சம்சாரிகள் விளைவித்த பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறியது. 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது, பாதை எட்டயபுரத்தைத் தொடாமல் கோவில்பட்டி வழியாகப் போயிற்று. பிறகு 1901-ல் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணையும், அடுத்து ஆலைகளும், தீப்பெட்டித் தொழிலும் ஸ்டேஷன் இருந்த ஊருக்கே வந்தன. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்து, எட்டயபுரம் தன் பழைய அரண்மனையோடு ஒதுங்கி நின்றது.

ஆனால் அந்த ஊர் சேர்த்து வைத்ததைப் பாருங்கள்! சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்து அவைப்புலவர். அவர் அடக்கமானதும் இங்கேதான். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ம் வருஷம் தீபாவளி நாளன்று இவ்வூரில்தான் காலமானார். அவர் இங்கே வரும் வழியில் காய்ந்து கிடந்த பூமியைப் பார்த்து மனமிரங்கி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு ஐதீகம் உண்டு. மழை பெய்ததோ இல்லையோ, அந்தக் கதை பிறப்பதற்கு நம் கரிசக்காட்டைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்த சமஸ்தானத்து வித்துவான். பாலுசுவாமியின் மகள் வழிப் பேரனும் அவரது சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், தம் குடும்பம் காத்து வந்த கிருதிகளை ஸ்வரப்படுத்தி 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெரிய நூலை 1904-ல் வெளியிட்டார். அது அச்சானது சென்னையில் அல்ல. எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில்! இன்றும் முத்துசுவாமி தீட்சிதரின் பாடலுக்கு மூலம் எது என்று தேடுகிறவர்கள் கைக்கொள்வது அந்தப் புத்தகத்தைத்தான்.

பாரதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1882 டிசம்பர் 11-ல் அவர் பிறந்த வீடும், கல்கியின் முயற்சியால் எழும்பி 1947-ல் ராஜாஜி திறந்து வைத்த மணிமண்டபமும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அவர் தந்தை சின்னசாமி ஐயர் இங்கே பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போன கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1898-ல் தந்தை இறந்ததும் பாரதி காசிக்குப் போனார். திரும்பி வந்து கொஞ்ச காலம் ஜமீனில் வேலை பார்த்தார். 1904-ல் மதுரைக்கும் அங்கிருந்து சென்னைக்கும் போய்விட்டார். பிழைப்பைத் தேடி இந்த மண்ணைவிட்டுப் போன நம் வரிசையில் அவரும் ஒருவர் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

இத்தனை இருந்தும் எட்டயபுரம் என்றதும் ஜனங்களின் நாக்கில் வருவது ஒரே சொல். விடுதியில் எட்டயபுரத்து மாணவனைப் பார்த்து "என்னலே எட்டப்பா" என்று கிண்டல் செய்யாத செட் உண்டா? 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்குப் பிறகு அந்தப் பெயர் துரோகி என்பதற்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. இங்கே வரலாறு என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1799-ல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரத்துப் படை கும்பினியார் பக்கம் நின்றது, தப்பிப் போன கட்டபொம்மனைத் துரத்தியது, பின்னால் அதற்காக நிலமும் பெற்றது. இதை மறைக்க முடியாது. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அதுவும் போக, அதற்குச் சுமார் 40 வருஷத்துக்கு முன்பே கும்பினிப் படையை எதிர்த்து உயிர் கொடுத்தவராகப் போற்றப்படும் கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன், எட்டயபுரம் பாளையத்துக்காக நின்றவர். அப்படியிருக்க, ஒரு பாளையக்காரர் எடுத்த முடிவை ஊரின் தலையிலேயே கட்டி, உமறுப்புலவர் பிறகு, தீட்சிதர் பிறகு, பாரதி பிறகு என்று பின்னுக்குத் தள்ளிவிட்டோமே, அது நியாயமா?

எட்டயபுரத்திலிருந்து தெற்கே இறங்கினால், வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரமும் அடுத்தாற்போல் பாஞ்சாலங்குறிச்சியும் வரும். இப்போது நாம் பார்க்கும் கோட்டை, அரசு 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டை. பழைய மண் கோட்டையை 1801-ல் ஊமைத்துரையை வென்ற பிறகு கும்பினியார் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அங்கிருந்து மேற்கே வந்தால் மணியாச்சி ஜங்ஷன். 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம். பஞ்சை ஏற்றிப் போவதற்கு வந்த ரயில்பாதையிலேயே பாரதத்தை உலுக்கிய அந்த வெடியும் கேட்டது. அப்படியே கடம்பூரில் நிறுத்திப் போளி வாங்கிக்கொண்டு கயத்தாறு போகலாம். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுப் போட்டு அந்த இடத்தில் ஒரு கற்குவியலே இருந்ததாகச் சொல்வார்கள். சிலை பின்னால்தான் வந்தது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் இடம் வாங்கி வைத்தார். அரசாங்கம் மறக்கடிக்க நினைத்ததை, பேர் தெரியாத ஜனங்கள் கல்லைப் போட்டே காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்றால் அது மிகையாகாது.

கயத்தாறிலிருந்து கோவில்பட்டி திரும்பும் வழியில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இந்த ஒரே கிராமத்துக்காரர்கள். இருவருக்கும் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. பின்னால் 2014-ல் பூமணிக்கும், 2019-ல் சோ. தர்மனுக்கும் அதே பரிசு. நெல் விளையாத கரிசலில் எழுத்து விளைந்திருக்கிறது! கி.ரா. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். சம்சாரிகள் பேசும் சொற்களைச் சேகரித்து அகராதியே போட்டார். 2021-ல் அவர் புதுச்சேரியில் காலமானபோது உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தார்கள்.

இன்னொரு வரலாறும் உண்டு, அதற்கு மண்டபம் கிடையாது. மழை பொய்த்த வருஷங்களில் இந்தக் கிராமங்களுக்குக் கஞ்சி ஊற்றியது தீப்பெட்டி ஆபீஸ். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழில், சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. விடியுமுன் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் நம் தலைமுறைக்குத் தெரியும். 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, அதன் பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. நாம் கல்லூரி வாசலை மிதித்தபோது, நம் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் கட்டை அடுக்கிக்கொண்டும் பெட்டி ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் கதையை யார் எழுதுவது? கோட்டைக்கும் கவிஞருக்கும் மணிமண்டபம் கட்ட அரசு இருக்கிறது. இதற்கு நாம்தான் இருக்கிறோம்.

ஆகவே நண்பர்களே, இந்தச் சந்திப்பு முடிந்ததும் பைபாஸைப் பிடித்து ஓடிவிடாமல், ஒரு நாள் கூடத் தங்கிப் பிள்ளைகளை இந்தச் சுற்றுக்கு அழைத்துப் போங்கள். கார்த்திகை, மார்கழியில் வந்தால் காடு பச்சைப் பசேல் என்றிருக்கும். பங்குனியில் வந்தால் வெடிப்பைக் காட்டுங்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். நேரமிருந்தால் மேற்கே கழுகுமலைக்கும் போய், மலையை மேலிருந்து குடைந்து பாண்டியர் காலத்தில் செதுக்கிய வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் பாருங்கள். அப்படியே உங்கள் ஊரில் இருக்கும் பாட்டி, தாத்தாவிடம் பஞ்சம் பிழைக்கப் போனது, பருத்தி எடுத்தது, தீப்பெட்டி ஆபீஸ் போனது பற்றிக் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த மலரில் அவற்றைப் போடுவோம். "உங்க ஊர்ப் பக்கம் என்ன இருக்கு?" என்று இனி யாராவது கேட்டால், நம் பிள்ளைகளாவது வேறு பதில் சொல்லட்டும்.