மூன்று வாரத்துக்கு முன் அக்காவுக்கு வந்த தொற்று

சர்வர் படுத்துவிட்டால் எங்கள் வேலையில் கடைசி எரரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த மாட்டோம். அதற்கு முந்தைய லாகைத் தோண்டுவோம். 1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வெளியிட்ட வார அறிக்கை ஒன்றைப் படித்தபோதும் அப்படி ஒரு முந்தைய வரிதான் என் கண்ணில் பட்டது. நான் டாக்டர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

1997க்கும் 1999க்கும் இடையில் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் 4 குழந்தைகள் இறந்துபோனார்கள். காரணம் எம்ஆர்எஸ்ஏ. மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அது. 1961இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவானது. அதன்பின் ரொம்ப காலம் அதை "ஆஸ்பத்திரிக் கிருமி" என்றே நினைத்தார்கள். ஆனால் இந்த 4 பேருக்கும் ஆஸ்பத்திரி வழியாக அது வந்ததற்கான தடயம் இல்லை. அதனால் வழக்கமான செஃபலோஸ்போரின் மருந்தில்தான் சிகிச்சை தொடங்கியது. அந்தக் கிருமியிடம் அது எடுபடாது. 16 மாதப் பெண் குழந்தை ஒன்று, ஆஸ்பத்திரிக்கு வந்த 2 மணி நேரத்துக்குள் போய்விட்டது.

நான் சொன்ன வரி, 12 மாதப் பையன் ஒருவனைப் பற்றியது. 3 வாரத்துக்கு முன் அவனுடைய 2 வயது அக்காவுக்குப் பிட்டத்தில் எம்ஆர்எஸ்ஏ தொற்று வந்து, சிகிச்சையும் நடந்திருக்கிறது. அக்காவிடமிருந்துதான் வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கிருமி ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

இந்தக் கிருமி ஆரோக்கியமானவர் மூக்கிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். கை, துண்டு, ரேசர் வழியாக ஆள் மாறும். சின்னக் காயம் கிடைத்தால் உள்ளே போய்விடும்.

சரி, வீட்டையே சேர்த்துக் கவனித்தால்? செயின்ட் லூயிஸ் நகரில் அப்படி ஒரு சோதனை செய்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தோல் தொற்று வந்த பிள்ளைக்கு மட்டும் 5 நாள் மூக்குக் களிம்பும் கிருமிநாசினிக் குளியலும் கொடுத்த குடும்பங்களில், ஓராண்டுக்குள் 72 சதவீதப் பிள்ளைகளுக்குத் திரும்பத் தொற்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தபோது 52 சதவீதம். முழு வெற்றி இல்லைதான், ஆனால் வித்தியாசம் சின்னதும் இல்லை.

எங்கள் வீட்டு வாஷ்பேசின் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே துண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஆளுக்கொன்று. இனி பிள்ளைக்குச் சீழ்க்கட்டி, காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், வீட்டில் வேறு யாருக்குக் கட்டி வந்தது என்பதையும், அவர் கேட்காவிட்டாலும், நானே சொல்லிவிடுவேன்.